ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண்

விடியற்காலை ஐந்து மணிக்குச் சலவைக்கூடத்தின் பின்கதவு திறந்தது. உள்ளிருந்து வந்த வெந்நீராவி, முற்றத்தில் நின்ற நான்கு வெள்ளை வான்களையும் ஒரு கணம் மறைத்தது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மார்ச் மாதக் குளிர் இன்னும் விலகவில்லை. பியற்றிஸ் இரும்புத் தள்ளுகூண்டை வயிற்றோடு அணைத்துத் தள்ளினாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள். கட்டு ஒன்று பன்னிரண்டு கிலோ. நாற்பது கட்டுகளை அவளே தூக்கி வானுக்குள் அடுக்க வேண்டும். விரல்கள் விறைத்தன. முதுகில் வியர்வை ஓடியது.

மேலங்கியின் உட்பையில், வேகமாக ஓடியதாகப் பொலிஸ் கடிதத்தோடு அனுப்பிய படிவம் இருந்தது. நான்கு நாட்களாக அங்கேதான் இருக்கிறது. அது ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: அன்று, அந்த நேரத்தில், வாகனத்தை ஓட்டியவர் யார்?

அவளுடைய லைசென்ஸில் ஏற்கெனவே ஒன்பது பொயின்ற், தண்டனைப் புள்ளிகள். இந்த மூன்றும் சேர்ந்தால் பன்னிரண்டு. பிறகு லைசென்ஸ் இல்லை, வேலையும் இல்லை. அவளையும் மகள் தாரகாவையும் தாங்கி நிற்பது இந்த வேலை மட்டுமே.

ஆனால் அவளை உறங்கவிடாதது வேறொன்று. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வேகமானியின் முள், எல்லையான முப்பதுக்கு ஒரு நூல் மேலே நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள். கடிதம் முப்பத்தைந்து என்றது. முந்தைய மூன்று கடிதங்களும் அப்படித்தான். கண் பரிசோதிக்கப் போனாள். கண்ணில் குறையில்லை என்றார்கள். அப்படியானால் குறை கண்ணுக்கும் உள்ளே எங்கோ இருக்கிறது என்று நினைத்தாள். பார்ப்பதற்கும் அறிவதற்கும் நடுவில் தன்னிடம் ஏதோ கழன்று போயிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? நான்கு சாரதிகளில் அவள் ஒருத்திதான் பெண். சொன்னால், பொம்பிளை ஓடினால் இப்படித்தான் என்பார்கள்.

"என்ன பியற்றிஸ், ஃபோம் அனுப்பியாச்சோ?"

முதலாளி ஸ்ரீஸ்கந்தராஜா பின்னால் நின்றார். சுவிஸில் உழைத்த காசோடு லண்டன் வந்து இந்தச் சலவைக்கூடத்தைத் தொடங்கியவர். எல்லோருக்கும் அவர் 'ஸ்ரீ அண்ணை'.

"இன்னும் இல்லை அண்ணை."

"உன்ர தங்கச்சி சுவர்ணா இல்ஃபோர்ட்டில சும்மாதானே இருக்கிறாள். லைசென்ஸும் இருக்கு. அவளின்ர பேரைப் போட்டு அனுப்பு."

"அது பொய்யல்லோ?"

"பொய்யில்லை, உதவி. எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான். எனக்கு லைசென்ஸ் இல்லாத ஆள் வேண்டாம், கண்டியோ."

அவள் தலையசைத்தாள். முதல்நாள் இரவே தங்கையின் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டிருந்தாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பேனையால் எழுதக் கை வரவில்லை.

கட்டுகள் எல்லாம் ஏறி, வான் ரூட்டிங் பக்கமாகப் போகையில் மணி எட்டாகியிருந்தது. அவள் தெருவைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி தெருவைப் பார்த்தாள். முள் இருபத்தெட்டில் நின்றது. ஆனாலும் கடைகளின் பெயர்ப்பலகைகள் விரைந்து பின்வாங்குவதாகத் தோன்றியது. இதையும் நான்தான் கற்பனை செய்கிறேனோ?

பாதசாரிக் கடவையின் வெள்ளைக்கோடுகளில் ஒரு சிறுமி கால் வைத்தாள். பள்ளிச் சீருடை. முதுகில் பெரிய பை.

பியற்றிஸ் பிரேக்கின் மேல் ஏறி நின்றாள் என்றே சொல்ல வேண்டும். வான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். முன்சில்லு நடைபாதை விளிம்பில் மோதி வெடித்தது. நாற்பது கட்டுகளும் பின்னாலிருந்து அவளை நோக்கிச் சரிந்தன. வானின் மூக்குக்கும் அந்தப் பைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. சிறுமி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஓடிவிட்டாள்.

பியற்றிஸால் கதவைத் திறக்க முடியவில்லை. ஒருவழியாக, சக சாரதி சண்முகராசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

சண்முகராசா வந்தார். அதே பாதையில் வந்த இன்னொரு சாரதி வருணும் வானை நிறுத்தினான். தஞ்சாவூர்ப் பையன். படிக்க வந்து, படித்தபடியே வான் ஓட்டுகிறான். வெடித்த சில்லைக் கழற்றி, வானின் அடியில் தொங்கிய மேலதிகச் சில்லைப் பூட்டினார்கள். ஜக்கை இறக்கியதும் வான் ஒரு பக்கம் சரிந்து நின்றது.

"என்னடா இது, வான் நொண்டுது?" என்றார் சண்முகராசா.

"அண்ணே, இது சின்ன சக்கரம். இதுதான் வண்டியோட வந்தது போல."

"ஓம், ஸ்ரீ அண்ணை ஒக்டோபரில நாலு வானுக்கும் சில்லு மாத்தினவர். பெரிய வானில கழட்டின பழசு. ஸ்பெயாரை மாத்தேல்லை."

பியற்றிஸ் ஒரு துணிமூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள். ஏன் என்று அவளுக்கே முழுதாகத் தெரியவில்லை. வெடித்த ரயரைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு அதே கயிற்றைச் சிறிய சில்லைச் சுற்றிப் பிடித்தாள். கயிறு மிஞ்சியது. விரல்களை விரித்து அளந்தாள். ஒரு சாண்.

வருண் குந்தியிருந்து அதையே பார்த்தான்.

"அக்கா, சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும். பழைய சக்கரம்னு நெனச்சுத்தான் அது வேகத்தைக் காட்டுது. ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி ஒரு சாண் கூடப் போகுது. முப்பதுன்னு காட்டும்போது நாம முப்பத்திமூணு, முப்பத்திநாலுல போறோம்."

"அப்ப ஓடின மைலும் குறைச்சுத்தான் காட்டும்," என்றார் சண்முகராசா மெதுவாக. "வானெல்லாம் வாடகைக்கு எடுத்தது. வருசத்துக்கு இவ்வளவு மைல்தான் ஓடலாமெண்டு கட்டுப்பாடு. மிஞ்சினால் ஸ்ரீ அண்ணை காசு கட்டவேணும்."

ஒரு சிவப்புப் பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"எனக்கு ஒன்பது பொயின்ற்," என்றாள் பியற்றிஸ். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இன்னும் மூண்டு வருது. எனக்கு விசர் பிடிக்குதெண்டு நினைச்சன்."

சண்முகராசா தரையைப் பார்த்தார். "எனக்கு ஆறு. இன்னொரு ஆறு வீட்டில மனிசியின்ர பேரில. வெக்கத்தில சொல்லேல்லை, தங்கச்சி."

"எனக்கு மூணு," என்றான் வருண். "இன்னொரு மூணை ரூம்ல இருக்கிற ஃபிரெண்ட் வாங்கிக்கிட்டான்."

பத்து மணிக்கு மூன்று வான்களும் முற்றத்துக்குத் திரும்பின. ஹோட்டல்களுக்கான கட்டுகள் உள்ளேயே இருந்தன. பியற்றிஸ் முடிச்சுப் போட்ட கயிற்றை முதலாளியின் மேசையில் வைத்தாள். நடந்தது முழுவதையும் சொன்னாள்.

"அண்ணை எண்டு கூப்பிட்டுக்கொண்டு கயிறு கொண்டுவந்து அளக்கிறியளோ?" ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்தார். "ஒரு சாண் வித்தியாசம். அதுக்கு ஒரு பஞ்சாயத்து."

"அந்தப் பிள்ளைக்கும் என்ர வானுக்கும் இடையில இருந்ததும் ஒரு சாண்தான் அண்ணை."

சிரிப்பு நின்றது.

"பழைய சில்லைப் பூட்டுங்கோ," என்றார் சண்முகராசா. "சில்லு மாத்தினதெண்டு கடிதம் எழுதித் தாங்கோ. அதுவரைக்கும் ஓடமாட்டம்."

"எழுதித் தரட்டோ? நல்லது. நான் எழுதினால் உன்ர மனிசியின்ர கதையும் வெளியில வரும் சண்முகராசா. பொய்க் கையெழுத்து. இந்த நாட்டில அதுக்கு ஜெயில்."

சண்முகராசாவின் முகம் வெளிறியது. பியற்றிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் இந்த வான்கள் ஓடியிருக்கின்றன. ஒவ்வொருவரும் தன் கடிதத்தைத் தன் பையில் ஒளித்துக்கொண்டதால் ஓடியிருக்கின்றன.

சண்முகராசா வான் திறப்பைச் சாவி வளையத்தோடு எடுத்து மேசையில் வைத்தார். திறப்பு மரத்தில் தட்டி ஒலித்தது.

"வந்தால் வரட்டும். மனிசிக்கு நானே சொல்லுறன்."

வருண் தன் திறப்பை வைத்தான். "லா சென்டர்ல இலவசமா சட்ட ஆலோசனை சொல்றாங்க. இன்னிக்கே போறேன்."

கதவோரம் நாலாவது சாரதி தேவராசா நின்றுகொண்டிருந்தார். முதலாளியின் சொந்த மைத்துனர். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"நீ போய் ஓடு," என்றார் முதலாளி.

"எனக்கும் ஒன்பது, மச்சான்," என்றார் தேவராசா. திறப்பை வைத்துவிட்டு அவர்களோடு வந்து நின்றார்.

பியற்றிஸ் தன் திறப்பையும் வைத்தாள். மேலங்கியிலிருந்து படிவத்தை எடுத்து மேசை ஓரத்தில் விரித்தாள். அழிக்க இறப்பர் இல்லை. பென்சிலால் எழுதியிருந்த தங்கையின் பெயரைப் பேனையால் குறுக்கே வெட்டினாள். அதன் மேலே, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். கீழே வெற்றிடம் இருந்தது. சில்லின் கதையை அங்கே எழுதத் தொடங்கினாள். இது லைசென்ஸைக் காப்பாற்றுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தன் கண் பார்த்தது சரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேசையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஏதோ ஒரு ஹோட்டல், விரிப்புகளைக் கேட்டு. முதலாளி நான்கு திறப்புகளையும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

"எழுதி முடிச்சால் அந்தப் பேனையைத் தா, தங்கச்சி," என்றார் சண்முகராசா.