நாற்பத்தொன்றாம் கட்டம்

பாளையங்கோட்டை வடக்குக் காலனியில், 'பூகோளம்' விளையாட்டில் நீங்கள் கோருகிற நிலத்துக்கு இருபத்துநாலு மணி நேரத்தில் யாரும் ஆட்சேபணை சொல்லாவிட்டால், மறுநாள் காலை ஆறு மணிக்கு அது நிஜமாகவே உங்களுடையதாகிவிடும். பிள்ளைகள் செல்போனில் நாடு நடத்தினார்கள். பெரியவர்கள் அதில் குடியிருந்தார்கள். தெருவுக்கு ஏழு எல்லை தாண்டிப் பால் ஊற்றுகிறவர் மூன்றாவது பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். இரண்டு நாடுகளுக்கு நடுவில் நின்ற முருங்கைமரம் திங்கள் முதல் புதன் வரை ஒரு பக்கமும், மற்ற நாட்களில் இன்னொரு பக்கமும் காய்த்தது.

ஜெபசீலியின் நாட்டுக்கு ஆரஞ்சுக் குடியரசு என்று பெயர். அவள் வீடும் வீட்டின் பின்சுவரும்தான் மொத்தப் பரப்பு. பிளஸ் ஒன் படிக்கும் அவளே அதிபர். ஒரே பிரஜை அம்மா எஸ்தர். சுவரின் அந்தப் பக்கம் மைதானம் இருந்தது. வரைபடத்தில் அதற்கு நாற்பத்தொன்றாம் கட்டம் என்று பேர். அது இன்னும் யாருக்கும் சொந்தமில்லை.

சனிக்கிழமை அங்கேதான் எறிபந்து இறுதிப் போட்டி. காலனிப் பெண்கள் அணிக்கு ஜெபசீலி கேப்டன். மொத்தமே ஏழு பேர். எட்டாவது ஆள் சேராததால் எட்டாம் நம்பர் பனியன் மூன்று வருடமாகப் பிரிக்காத கவரோடு பீரோவில் கிடந்தது.

மைதானத்தின் மற்ற மூன்று பக்கமும் இசக்கிராஜின் மகா சாம்ராஜ்யம் வளைத்துக்கொண்டிருந்தது. அகலம் நாலு அடிதான், ஆனால் சாம்ராஜ்யம். அதற்குள் நுழைய அதன் தேசிய கீதத்தைப் பாட வேண்டும். தேசிய கீதம் பதினோரு சரணம்.

"நாப்பத்தொண்ணையும் நான் எடுத்துட்டேன்னு வையி, உங்க டீம் பூரா பாடித்தான் உள்ள வரணும்," என்றான் இசக்கிராஜ், புதன்கிழமை சாயந்தரம் சுவருக்கு மேல் தலையை நீட்டி. "எதிர் டீமும் பாடணும். ஸ்ருதி சேரலன்னா திரும்பவும் முதல்ல இருந்து."

"அந்தப் பாட்டை நீயே இன்னும் மனப்பாடம் பண்ணல. ஆறாவது சரணத்துல ம்ம்ம்னு இழுக்க," என்றாள் ஜெபசீலி.

"அது ராகம்ட்டி."

விதிகளை எழுதியவர் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் செல்வின் அண்ணன். சாதாரணமாக அவர் எல்லோரையும் போலத்தான் பேசுவார். விதி என்று வந்துவிட்டால் பத்திர ஆபீஸ் வாசம் அடிக்கும். ஒரு நாட்டுக்கு வாரம் ஒரு கோரிக்கை; வாரம் என்பது வியாழன் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். கோரும் நிலம் சொந்த நிலத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. அந்நிலம் தம் வசம் வந்த வரலாற்றை நூற்றைம்பது வார்த்தைக்குக் குறையாமல், மூன்று சாட்சிகளின் குரலில் எழுதுதல் வேண்டும். வண்ணம் பூசிய வரைபடம் இணைத்தல் வேண்டும். எழுத்துக்கும் வண்ணத்துக்கும் முரண் நேரின் வண்ணமே செல்லும். ஆட்சேபணைக்கும் நூற்றைம்பது வார்த்தை.

வரலாற்றை ஜெபசீலி புதன்கிழமையே எழுதிவைத்துவிட்டாள். முதல் சாட்சி கொடைவிழா மைக்செட்காரர்: "அன்பார்ந்த பக்தகோடிகளே, பச்சைச் சட்டை போட்ட மூன்று வயதுக் குழந்தை மேடைக்கு வரவும், கூடவே மைதானம் ஆரஞ்சுக் குடியரசுக்கு வந்துவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்." இரண்டாவது கண்டக்டர்: "மைதானம் எல்லாம் எறங்கு, மைதானம் எல்லாம் எறங்கு, ஆரஞ்சுக் குடியரசு போற ஆளு முன்னால வா." மூன்றாவது வானிலை வாசிப்பவர், மைதானத்தில் அடுத்த இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஆரஞ்சு நிறம் பரவலாகவும், ஓரிரு இடங்களில் மிகக் கனமாகவும் இருக்கக்கூடும் என்றார்.

வியாழன் காலை ஆறுக்கு அவள் விரல் திரையில் இருந்தது. நாற்பத்தொன்றாம் கட்டத்தின் நடுவில் ஒரு தொடு. நிறம் கொட்டியது. பார்க்க நேரமில்லை. அனுப்பிவிட்டாள். இசக்கிராஜின் கோரிக்கை நாற்பது வினாடி கழித்து வந்தது. அவன் வாயில் பிரஷ் இருந்ததாம்.

அந்த வரைபடத்தைச் செல்வின் அண்ணன் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வரைந்திருந்தார். சமாதானபுரம் திருப்பத்தில் வண்டி குலுங்கியதில், ஜெபசீலியின் சுவருக்கும் இசக்கிராஜின் பட்டைக்கும் நடுவில் கோடு ஒரு கடுகளவு விட்டுப்போயிருந்தது. ஆரஞ்சு அந்த இடுக்கு வழியே வெளியே போனது. போய், யார் நிறமும் படாத வெள்ளை முழுவதையும் நிரப்பியது. காலனிக்கு வெளியே இருந்த ஊர்கள். வலது ஓரத்தில் நீலம் தீர்ந்துபோய் அண்ணன் வெள்ளையாகவே விட்டிருந்த கடல். மேல் மூலையில் திசை காட்டும் அம்புக்குறிக்குள் இருந்த வடக்கு.

இசக்கிராஜ் ஆட்சேபணை எழுதினான். வெள்ளி காலை ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அனுப்பினான். செல்வின் அண்ணன் விரல் விட்டு எண்ணினார்.

"நூத்திநாப்பத்தேழு. மூணு வார்த்தை குறையுதுடே."

"கடைசியில கண்டிக்கிறேன், கண்டிக்கிறேன், கண்டிக்கிறேன்னு சேத்துக்கோங்கண்ணே."

"சேத்திருக்கலாம். மணி ஆறு ஆயிட்டு."

ஆரஞ்சு பட்டதெல்லாம் ஜெபசீலியின் நாடு என்றாகிவிட்டதால், ஆறு மணியிலிருந்து வேலை வந்துகொண்டே இருந்தது. வடக்கே போக வேண்டிய மூன்று ரயில்கள் ஜங்ஷனில் நின்றுகொண்டு, போகலாமா என்று கேட்டு ஆள் அனுப்பின. ஜெபசீலி பல் தேய்த்துக்கொண்டே போகச் சொன்னாள். ஆறு இருபதுக்கு இமயமலையிலிருந்து ஒரு விடுப்பு விண்ணப்பம். வயிற்றுவலி என்று எழுதியிருந்தது. அரை நாள் கொடுத்தாள். ஏழரைக்கு அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, வாசல்ல கடல் வந்து நிக்கு. என்னன்னு கேளு."

கடல் தூத்துக்குடி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. பிரஜையாகப் பதிய வேண்டும் என்றது. காலனி வழக்கப்படி மூன்று கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பப் பஸ் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் மைதானத்து ஓரமாக, இசக்கிராஜின் பட்டைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. இடித்துக்கொள்ளாமல் நின்றது. எஸ்தர் ஒரு சொம்பு மோர் அனுப்பினாள்.

சனிக்கிழமை கொக்கிரகுளம் அணி ஜெபசீலி வீட்டுச் சுவர் வழியாக, பாட்டுப் பாடாமல் உள்ளே வந்தது. நடுவர் கிரேஸ் டீச்சர் விசிலைத் துடைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"கோட்டுக்கு உள்ளயும் ஆரஞ்சு, வெளியவும் ஆரஞ்சு. அப்போ பந்து எங்க விழுந்தாலும் உள்ளதான். இசக்கிராஜ் பட்டையில விழுந்தா மட்டும் அவுட்."

"உலகத்துலயே என் நாடு ஒண்ணுதான் இப்ப வெளிநாடு," என்றான் இசக்கிராஜ். காலையிலிருந்தே அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில், ஸ்டாம்பும் மைப்பெட்டியுமாக நின்றான்.

ஆட்டம் சூடு பிடித்தது. கொக்கிரகுளத்துப் பெண்கள் நீளமாக எறிந்தார்கள். காலனிப் பெண்கள் தண்ணீர்த்தொட்டி வரை ஓடிப் பிடித்தார்கள். ஜெபசீலி ஒன்றை ஓங்கி எறிய, எதிர் அணிச் சிறுமி ஒருத்தி அதைப் பிடிக்க ஷேர் ஆட்டோவில் போய், தவறவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பினாள். பட்டையில் விழுந்த பந்துகளை இசக்கிராஜ் முத்திரை குத்தியே திருப்பிக் கொடுத்தான். பதினாலுக்குப் பதினாலு ஆனபோது பந்தில் ஒன்பது முத்திரை.

"ரெண்டு பாயிண்ட் வித்தியாசமெல்லாம் கிடையாது. இதுதான் கடைசி," என்றார் டீச்சர்.

கொக்கிரகுளத்துக் கேப்டன் பின்னால் சாய்ந்து, ஒற்றைக் கையால் ஓங்கி எறிந்தாள். பந்து ஜெபசீலியின் தலைக்கு மேல் போனது. அவள் ஓடினாள். பட்டையில் விழுந்தால் கோப்பை அவளுக்கு. பட்டையைத் தாண்டினால் அவர்களுக்கு. இசக்கிராஜ் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"விழு, விழு," என்றான், யாருக்காக என்று தெரியாமல்.

பந்து தாண்டியது.

கடல் அதைப் பிடித்தது. பிடித்து, கொஞ்சம் யோசித்து, திருப்பி எறிந்தது. பந்து சொட்டச் சொட்ட வந்து கொக்கிரகுளம் பக்கத்தில் மூன்று பேருக்கு நடுவில் விழுந்து உருண்டது.

"டீச்சர், அது அவங்க டீம் கிடையாது," என்றாள் கொக்கிரகுளத்துக் கேப்டன், மூச்சு வாங்கியபடி.

டீச்சர் செல்வின் அண்ணனைப் பார்த்தார். அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"கடல், வெள்ளி காலையிலிருந்து ஆரஞ்சுக் குடியரசின் பிரஜை. ஆட்சேபணை ஏதும் நிலுவையில் இல்லை. ஆட்டக்காரர் பட்டியலில் எட்டாவது இடம் காலி. பனியன் இல்லாததுதான் குறை."

ஜெபசீலி சுவர் ஏறிக் குதித்து, பீரோவைத் திறந்து, எட்டாம் நம்பரோடு ஓடி வந்தாள். கவரைப் பல்லால் கிழித்தாள். கடல் கையைத் தூக்கி அதைப் போட்டுக்கொண்டது. டீச்சர் விசில் ஊதி, பாயிண்டைக் காலனிக்கு எழுதினார்.

அக்குளில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. துவைத்தால் சரியாகிவிடும் என்று எஸ்தர் சொன்னாள்.