பெரிய ரிமோட்

இதுவும் ஒரு மாதம்தான் தாங்கும். கிட்டார் அவ்வளவு நாள்தான் தாங்கியது, நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கியும் அப்படித்தான். ரொட்டி சுடும் மெஷின் அதைவிடக் குறைவு. கிட்டார் பரணில் ஏறிவிட்டது, தொலைநோக்கி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிறது, மெஷின் கட்டிலுக்கு அடியில். இதை எங்கே திணிப்பது? பாத்ரூமைத் தவிர வேறு இடமில்லை.

சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்த நீளமான அட்டைப் பெட்டியைப் பார்த்தபடி அவள் இவ்வளவும் நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னது, "நல்லா இருக்குங்க" என்பது மட்டும்.

பெட்டிக்குள் ஒரு பாய்மரப் படகு துண்டு துண்டாக இருந்தது. ஒட்ட வேண்டிய இரண்டு பாதி உடல், மெல்லிய பாய்மரம், மடித்து வைத்த இரண்டு பாய்கள், அடியில் மாட்ட ஒரு ஈயக் குண்டு, சுக்கான், சின்ன மோட்டார்கள், சாம்பல் நிறத்தில் ஒரு ரிமோட். எல்லாவற்றையும் ஒட்டி, முடுக்கி, கட்டி முடித்தால் இடுப்பளவு உயரத்துக்குப் படகு நிற்கும். கரையில் நின்று ரிமோட்டை அழுத்தி அதைத் தண்ணீரில் ஓட்டலாம்.

அவள் கணவர் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு போட ஆள் கிடைக்காமல் போனவர் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். படகு ஆசை தானாக வந்ததில்லை. பூங்கா ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப் படகு விடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கொழுந்தனார் அதில் உறுப்பினர். போன வருடம் பெட்டியில் வாங்கித் தானே கட்டிய படகுகளுக்கான போட்டியில் கோப்பை வாங்கியவர். அதை வரவேற்பறையில், டிவிக்கு மேலே, யாரும் பார்க்காமல் தப்பிக்க முடியாத இடத்தில் வைத்திருந்தார். அங்கே சாப்பிடப் போன அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அண்ணன் இதெல்லாம் செய்ய மாட்டாரு அண்ணி. ஆளை வச்சு வேலை வாங்கித்தான் அவருக்குப் பழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாள் போல. அடுத்த வாரம் பெட்டி வந்துவிட்டது.

முதல் நாளே கணவரின் கட்டைவிரல் படகோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டுப் பசையைத் தடவிவிட்டு, காய்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்தாராம். படகைத் தூக்கிக்கொண்டே, பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி, வீட்டு முன்னறைக்கு வந்தார். அந்த முன்னறைதான் அவளுடைய கிளினிக். அவள் பல் டாக்டர். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஆள் அந்தக் காட்சியைப் பார்த்து வாயை மூட மறந்துபோனார். அவள் அசிட்டோனைத் தொட்டுத் தொட்டு விரலைப் பிரித்தெடுத்தாள். அன்றோடு அவர் மேற்பார்வைக்கு மாறிவிட்டார்.

அதாவது, அவர் விளக்கப் புத்தகத்தை உரக்கப் படிப்பார், அவள் செய்வாள். மதியம் நோயாளிகள் வராத நேரத்தில் கிளினிக் விளக்கைத் தாழ்த்திவைத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு பாதியும் சேர்கிற கோட்டில் ஒரு பிசிறு விடாமல் தேய்த்தாள். தண்ணீர் கசியக்கூடிய இடங்களில், பல் சொத்தையை அடைக்கிற பிசினையே வைத்து அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினாள். முனகாத, எச்சில் விழுங்காத, இடையில் கதை சொல்ல எழுந்து உட்காராத நோயாளி. இப்படி ஒன்றுக்காக இத்தனை வருடம் ஏங்கியிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பெட்டி வந்தபோது அவர் வாயில் "நீ" இருந்தது: நீ இதைக் கொஞ்சம் பாரேன். பாதி வேலையில் அது "நாம" ஆனது. பாய் கட்டி முடிந்த மாலை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டும்போது, "ஒட்டற வேலைதான் சார் உயிரை எடுத்துடுச்சு, மத்தபடி நானே பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காபி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரே ஒரு விஷயத்தை அவர் முழுக்கத் தானாகச் செய்தார். பெட்டியோடு வந்த சாம்பல் ரிமோட் அவர் கண்ணுக்குப் பொம்மை மாதிரி பட்டது. இரண்டே குச்சி, வலது குச்சி சுக்கானைத் திருப்பும், இடது குச்சி பாயை இழுக்கும், தளர்த்தும். அவ்வளவுதான். தன் அந்தஸ்துக்கு இது போதாதென்று தனியாக இன்னொன்று வாங்கினார். கறுப்பு, கனம், நீட்டி மடக்குகிற ஆன்டெனா, வரிசையாக சுவிட்சுகள், நடுவில் ஒரு குட்டித் திரை. விமானத்தை இறக்கலாம் போலிருந்தது. படகுக்குள் இருந்த கருவியோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது வேறு கம்பெனி, இது வேறு கம்பெனி. பெரிய ரிமோட் அலமாரியில் உட்கார்ந்தது.

ஒரு வார நாளில், ஏரியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படகை முதன்முதலாக இறக்கினார்கள். கரையை விட்டுப் போகும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி வரும்போதுதான் வினை. படகு நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. அவர் வலப்பக்கம் போகட்டும் என்று குச்சியைச் சாய்ப்பார், படகு இடப்பக்கம் போகும். பதறி இன்னும் அழுத்துவார், அது இன்னும் வேகமாகத் தப்பான பக்கம் போகும். கோரைப் புல்லுக்குள் போய் மாட்டியது. எடுத்து விட்டார்கள், மறுபடி மாட்டியது. காற்று சரியில்லை என்றார். பிறகு, ஏரி சரியில்லை என்றார்.

"இதைச் சும்மா பிடி" என்று ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மடித்து இறங்கிப் போய் படகைப் புல்லிலிருந்து பிடுங்கித் தள்ளிவிட்டார்.

அவள் சும்மா பிடிக்கவில்லை.

அவளுக்கு இடமும் வலமும் குழம்பவே இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து மனிதர்களை எதிரில் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். நாற்காலியில் இருப்பவரின் இடதுதான் இடது, தன்னுடையது கணக்கில் கிடையாது. வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று அந்த நேரத்தில் ஏனோ தோன்றியது. அந்த யோசனையைத் தொடர அவகாசம் இல்லை. தூரத்தில் தண்ணீரின் மேல் ஒரு கருமை நகர்ந்து வருவதைப் பார்த்தாள். காற்று வருகிறது. இடது குச்சியை மெல்லத் தளர்த்தினாள். கருமை படகைத் தொட்டதும் பாய் புடைத்தது, படகு ஒருக்களித்துச் சாய்ந்தது, பிறகு சட்டென்று கிளம்பியது. அதன் முனையில் தண்ணீர் கிழிகிற சத்தம் கரைவரை கேட்டது. காற்றுக்கு நேராகப் போக முடியாது என்று புத்தகம் சொன்னபடி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைத்து வளைத்து ஏற்றினாள். எப்போது திருப்புவது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல், யாருக்கு எப்படிப் படும் என்று பார்க்காமல் கடைசியாக எதை முடிவு செய்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

கணவர் முழங்கால் தண்ணீரில் நின்று வாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷப் போட்டியில நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் பேண்ட்டைப் பிழிந்தபடி, "அது எப்படி? பேர் குடுத்தாச்சே. அதுவும் இல்லாம, படகைக் கட்டினவங்கதான் ஓட்டணும்னு ரூல் இருக்கு" என்றார்.

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். துளிகூட இல்லை.

மறுநாள் அவரே ஒரு திட்டத்தோடு வந்தார். அலுவலக நாட்களைப் போல, கையைக் கட்டிக்கொண்டு நின்று விளக்கினார். அவர் பெரிய ரிமோட்டோடு கரையில் நிற்பார். அவள் சின்ன ரிமோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மேலே ஒரு சால்வையைப் போட்டு, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டுவாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அவள் சரி என்றாள். இதற்காக அவளைத் தியாகி ஆக்க வேண்டியதில்லை. மாட்டேன் என்றால் படகு பரணுக்குப் போய்விடும், சரி என்றால் பைக்குள்ளிருந்தாவது அது தன் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். அதோடு, இப்படி மறைவில் இருந்து ஆட்டிவைப்பதில் அவளுக்கு எப்போதுமே ஒரு ருசி உண்டு. மகளின் கல்லூரி, வீட்டுக்கடன், மாமியாரின் ஆபரேஷன் எல்லாமே அவள் முடிவு செய்து, அவர் அறிவித்தவை. அதற்கு அவள் சாமர்த்தியம் என்று பெயர் வைத்திருந்தாள். பெயர் வைத்தவள் அவளே என்பதால் யாரும் மறுத்ததில்லை.

போட்டியன்று அவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். பெரிய ரிமோட்டைப் பார்த்ததும் சங்கத்துக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சங்கத் தலைவரை எல்லோரும் அட்மிரல் என்று கூப்பிட்டார்கள். மின்விசிறிக் கடை வைத்திருந்தவர். காற்றைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

"பாவம் அண்ணி, போர் அடிக்குமே. படிக்க எதாவது கொண்டு வந்தீங்களா?" என்று கொழுந்தனார் கேட்டார்.

எல்லாம் பையில் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

காலைச் சுற்றில் அவள் எல்லோரையும் முந்தினாள். மிதக்கவிட்டிருந்த சிவப்புப் பந்துகளை உரசாமல் ஒட்டி வளைத்தாள், கொழுந்தனார் படகுக்கு வரவிருந்த காற்றைத் தன் பாயால் மறித்தாள். சால்வைக்கு அடியில் விரல்கள் வியர்த்தன. இடையிடையே கணவரையும் பார்க்க வேண்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பை முறுக்கி, பேட்டரிகூடப் போடாத ரிமோட்டின் குச்சிகளை அவர் உயிரைக் கொடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது பந்தில் அவர் விரல் ஒரு பக்கம் போனது, படகு மறுபக்கம் போனது. கொழுந்தனார் ரிமோட்டைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மறுபடி ரிமோட்டைப் பார்த்தார்.

சுற்று முடிந்ததும் அட்மிரல் வந்து, விரலில் என்ன ஒரு நிதானம் என்று கணவரின் தோளைத் தட்டினார். கணவர் அடக்கமாகத் தலையசைத்து, காற்றோடு சண்டை போடக் கூடாது, அதோடு பேச வேண்டும் என்று சுற்றியிருந்தவர்களுக்கு விளக்கினார். இரண்டு பேர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பாராட்டு போனால் போகட்டும். வாங்கி எங்கே வைப்பது, பரணிலா?

மாலைச் சுற்றுக்கு முன்னால் அவர் அவளைப் படகுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து, அதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றுகூட அவள் யோசித்துவிட்டாள்.

"ரெண்டாவது பந்துகிட்ட லேட் பண்ணிட்ட" என்றார்.

"எது?"

"நான் முன்னாடியே திருப்பிட்டேன். நீதான் லேட்."

"நீங்க எதுல திருப்பினீங்க?"

"இதுலதான்" என்று அவர் பெரிய ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று பேண்ட்டைப் பிழிந்துகொண்டு ரூல் சொன்ன அதே முகம். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடமே.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே சொன்னார். தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம், கையும் படகும் பொருந்தவில்லையாம். "அதனால இந்தச் சுத்துல என் கையைப் பாத்து ஓட்டு. நான் எந்தப் பக்கம் சாய்க்கிறேனோ நீயும் அந்தப் பக்கம் சாய். அவ்வளவுதான். நீயா எதுவும் யோசிக்காத."

இவர் கையைப் பார்த்து ஓட்டினால் படகு திரும்பி வரும்போது நேராகக் கோரைப் புல்லுக்குத்தான் போகும். மாட்டியதும், நீ சரியாகப் பார்க்கவில்லை என்பார். அதெல்லாம் அவளுக்குத் தெரிந்த கதை, தாங்கிக்கொள்ளக்கூடிய கதை. அவள் நினைத்தது வேறு. தூரத்தில் தண்ணீர் கறுக்கும், காற்று வருவது தெரியும், இப்போது என்று உள்ளே ஒன்று சொல்லும். அந்த நேரத்தில் அவள் ஏரியைப் பார்க்கக் கூடாது, செத்த ரிமோட்டின் மேல் இருக்கும் ஒரு கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். அந்த விரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள்தான் அதைப் பசையிலிருந்து பிரித்தெடுத்தவள்.

அட்மிரல் விசில் ஊதினார். ஆட்கள் கரைக்கு நகர்ந்தார்கள்.

"போ, போய் உக்காரு" என்றார் கணவர்.

அவள் பையைத் திறந்து சாம்பல் ரிமோட்டை எடுத்து, அவர் கையிலிருந்த பெரிய ரிமோட்டின் மேல் வைத்தாள்.

"என்ன இது? விளையாடாத. எல்லாரும் பாக்கறாங்க."

"சின்னதுதாங்க வேலை செய்யும். நீங்களே ஓட்டுங்க."

"கோவமா? எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இப்ப இந்த ஒரு தடவை மட்டும்…"

"கோவம் இல்ல" என்றாள். சொல்லும்போதே அது உண்மையாக இருந்ததில் அவளுக்கே கொஞ்சம் வியப்பு. "நான் போய் பெஞ்சுல உக்காந்துக்கறேன். ஆனா ஓட்டறதா இல்ல."

பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு ரிமோட்டையும் இரண்டு கையில் பிடித்தபடி அவர் நின்றார். அவள் பெஞ்சை நோக்கி நடந்தாள்.