நல்ல கேஸ்

மருத்துவ மேற்படிப்புக்கு ஆள் எடுப்பதில் அந்த மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டால் போதாது. வார்டுக்கு அழைத்துப்போய், முன்பின் தெரியாத நோயாளியின் பக்கத்தில் நிறுத்துவார்கள். தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஸ்டெத் வைத்துக் கேட்டு, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அங்கேதான் உதிர்ந்துபோவார்கள்.

1987இல் ஜெரால்டும் அப்படித்தான் உதிர்ந்தான். ஒரு பெண்ணின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துவிட்டு, "இதயம் நார்மல்" என்றான். கேட்டுக்கொண்டிருந்த பெரிய டாக்டர் கோபப்படவில்லை. பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சொந்த ஊரான மரக்காணம் வரைக்கும் பஸ்ஸில் அவன் கூடவே வந்தது.

அடுத்த வருஷம் அவன் பாண்டிச்சேரியில் டாக்டர் கலியபெருமாளைப் போய்ப் பார்த்தான். அவர் அதே மிஷன் ஆஸ்பத்திரியில் எம்.டி. முடித்தவர். அந்த வார்டுத் தேர்வுக்குப் பழக்க வருஷத்துக்கு நாலு பேரைத்தான் சேர்த்துக்கொள்வார். அவர் கையில் பழகியவர்களில் பாதிப் பேருக்காவது இடம் கிடைத்துவிடும் என்று பேச்சு.

"பீஸெல்லாம் வேணாம்பா. ஆளுக்கு ஒரு நல்ல கேஸ் கொண்டாங்க. காது பழகணும். புக்கு பழகி ஒண்ணும் ஆவப் போறதில்ல" என்றார் கலியபெருமாள்.

மற்ற மூவரும் ஊர் ஊராய் அலைந்தார்கள். அர்ஷியா, கோட்டக்குப்பத்துப் பெண், கல்லீரல் வீங்கிய ஒரு கிழவரை அழைத்து வந்தாள். ஜெரால்டு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. அவன் தேடிய கேஸ் அவன் வீட்டிலேயே இருந்தது.

அக்கா சகாயமேரிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு முட்டி இரண்டும் வீங்கின. பத்துப் போட்டார்கள், இறங்கிவிட்டது. அந்தக் காய்ச்சல் இதயத்துக்குள் புகுந்து ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. அப்பா சிலுவைமுத்து செத்ததும் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாள். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கூடையில் சுமந்து வரப்பேறும்போது அவளுக்கு மட்டும் மூச்சு வாங்கும். சோம்பேறி என்று மேஸ்திரி திட்டுவான். "உன் பொண்டாட்டிய வந்து தூக்கச் சொல்லு, அப்பத் தெரியும்" என்று இவளும் பதிலுக்குத் திட்டுவாள். வாய்க்கு மட்டும் எந்த நோயும் இல்லை.

அவள் மூச்சு வாங்குவதன் காரணத்தைக் கண்டுபிடித்தது ஜெரால்டுதான், கடைசி வருஷம் படிக்கும்போது. சென்னைக்குக் கூட்டிப்போனால் பெரியாஸ்பத்திரியில் வால்வைத் திறந்துவிடுவார்கள், ஆள் தேறிவிடுவாள் என்பதும் அவனுக்கு அன்றே தெரியும். நுரையீரலில் நீர் சேராமலிருக்க மாத்திரை கொடுத்தான். மாதம் ஒரு ஊசி போட்டான்.

"ஆபரேஷன் பண்ணிக்கணும்க்கா. என் படிப்பு முடியட்டும், நானே கூட்டினு போறேன்" என்றான்.

"நீ மொதல்ல பெரிய டாக்டராவு. நான் எங்க ஓடிப்போவப் போறேன்?" என்றாள் சகாயமேரி.

அர்ஷியா வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடந்தது. முதல் ஞாயிறு சகாயமேரி பூப்போட்ட நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். அவளை இடப்பக்கமாய்ச் சாய்த்துப் படுக்கவைத்து, கலியபெருமாள் ஸ்டெத்தை வைத்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

"ஏம்பா ஜெரால்டு, எங்கப்பா வச்சிருந்த இந்தம்மாவ? வால்வுல இவ்ளோ சுத்தமான மர்மர் சத்தம் நான் கேட்டு வருஷக்கணக்காவுது. இதயத்தோட முதல் சத்தம் என்னமா அடிக்குது! வாங்க, வாங்க, எல்லாரும் கேளுங்க."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். தன்னிடம் இருக்கும் எதையோ படித்தவர்கள் இத்தனை பேர் மெச்சுகிறார்கள் என்பதில் சகாயமேரிக்குக் கூச்சமும் பெருமையுமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்ததும், "எனக்கும் குடு தம்பி, அப்படி இன்னாதான் கேக்குதுன்னு பாக்கறேன்" என்றாள். ஜெரால்டு அவள் காதில் மாட்டிவிட்டான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அட, நம்ம உப்பளத்துத் தண்ணி எஞ்சின் மாதிரி இருக்குதுடா!" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அர்ஷியாவின் அம்மா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். சகாயமேரி இரண்டு பிஸ்கட்டை அம்மாவுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கீழே இறங்கும்போது ஜெரால்டு மெல்லக் கேட்டான். "சார், ஆபரேஷனுக்கு மெட்ராஸ் கூட்டினு போவலாம்னு..."

"போலாம்பா. யாரு வேணான்னா? ஆனா வால்வத் திறந்துட்டா இந்தச் சத்தம் போயிடும். செலக்‌ஷன் முடியட்டும். இத்தனை வருஷம் தாங்குனவங்க ரெண்டு மாசம் தாங்க மாட்டாங்களா?"

ஜெரால்டுக்கு நெஞ்சு லேசானது. தான் சொல்ல நினைத்ததை இன்னொருவர், அதுவும் பெரியவர், சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்தாள். உடம்பு ஓய்வாக இருந்தால் சத்தம் அமுங்கிவிடும், களைத்தால் எடுப்பாகக் கேட்கும் என்பதால், கலியபெருமாள் அவளை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். அவள் ஏறி இறங்கினாள். மூச்சிரைக்கப் படுத்ததும் நால்வரும் மாறி மாறிக் கேட்டார்கள். பிறகு ஒருநாள் அவர் அவள் முதுகில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நுரையீரல் சுத்தமா இருக்குதே. நீர் சேந்த சத்தம் இவங்களுக்குக் கேக்கணுமே. மாத்திரை குடுக்கறியா?"

"குடுக்கறேன் சார்."

"ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டுக் கூட்டினு வா. பாடம் முடிஞ்சதும் மறுபடி குடு. ஒண்ணும் ஆவாது."

ஜெரால்டு நிறுத்தினான். வியாழக்கிழமை மாத்திரை டப்பாவைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். வெள்ளிக்கிழமை அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். சனிக்கிழமை உப்பளத்துக்குப் போகவில்லை. அம்மா ஆனந்தம்மாள், "ஏண்டா, அந்த மாத்திரைய குடேண்டா" என்று கெஞ்சினாள். "டாக்டர் நானா, நீயா?" என்றான். அம்மா வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் ஒரு டாக்டர் இருப்பது அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அந்த ஞாயிறு அர்ஷியா சகாயமேரியின் முதுகில் ஸ்டெத்தை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"அக்கா, மாத்திரை சாப்புடறீங்கல்ல?"

"தம்பிதான் ரெண்டு நாளைக்கு வேணான்னுச்சும்மா."

அர்ஷியா திரும்பி ஜெரால்டைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"சார், இது தப்பு" என்றாள் கலியபெருமாளிடம். "இவங்கள நாளைக்கே மெட்ராஸ் அனுப்பணும். எங்க மாமா அங்கதான் இருக்காங்க, தங்க வச்சுக்குவாங்க. அக்கா, என்கூட வர்றீங்களா?"

சகாயமேரி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் 'சரி' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். அவனோ, "அக்காவப் பத்தி எனக்குத் தெரியும் அர்ஷியா. நீ உன் கேஸப் பாரு" என்றான்.

"இஷ்டம் இல்லன்னா விட்டுடும்மா" என்றார் கலியபெருமாள், குரலை உயர்த்தாமலே. "உன் எடத்துக்கு வெளிய ஆள் நிக்குது."

அர்ஷியா விட்டுவிட்டாள். பாடம் அவள் வீட்டு மாடியிலிருந்து கலியபெருமாளின் கிளினிக்குக்கு மாறியது. அங்கேயும் மாடிப்படி இருந்தது. அவள் இடத்துக்கு வேறொருவன் வந்தான்.

எழுத்துத் தேர்வில் ஜெரால்டு தேறிவிட்டான். வார்டுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. மாத்திரை இந்த முறை திங்கட்கிழமையே நின்றிருந்தது. எல்லாச் சத்தமும் ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று ஜெரால்டுக்குத் தோன்றியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே சகாயமேரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"தம்பி, உள்ள என்னமோ தாறுமாறா அடிக்குதுடா. இன்னிக்கு படி ஏற வேணாமே."

அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தான். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவியது. இது என்ன என்று அவனுக்குத் தெரியும். இதயம் இப்படித் தாவினால் உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி எங்கேயும் போய் அடைக்கலாம் என்பதும் தெரியும். முந்தின வாரம்தான் படித்திருந்தான்.

"இதான் கடைசிக்கா. இன்னிக்கு ஒரு நாள். அடுத்த வாரம் மெட்ராஸ் போயிடலாம்" என்றான்.

அவள் ஏறினாள். இறங்கினாள். கலியபெருமாள் இன்னொரு தரம் என்று கையைக் காட்டினார். பாதிப் படியில் வலது கால் செருப்பு நழுவியது. அவள் குனிந்து பார்த்தாள். செருப்பை மாட்ட அந்தக் கால் நகரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்த வலது கை தானாக விட்டது. "ஜெ..." என்று ஆரம்பித்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அப்படியே படியில் சரிந்தாள்.

எல்லோரும் ஓடினார்கள். ஐந்து டாக்டர்கள் பக்கத்தில் இருக்க இப்படி ஆனதே அதிர்ஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொன்னாள். உயிர் நின்றது. வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. உப்பள மேஸ்திரிக்கு அவ்வளவு பதில் சொன்ன வாய், தண்ணீர் கேட்கவும் முடியாமல் ஒரு ஓரமாய் ஒழுகிக்கொண்டு கிடந்தது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். "பரீட்சைக்குப் போவலியாடா?" என்று அவளேதான் கேட்டாள். "அவ இதுக்குத்தான பாடுபட்டா. போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவன் போனான்.

மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அர்ஷியா நின்றிருந்தாள். அவளும் எழுத்துத் தேர்வில் தேறி வந்திருந்தாள். ஓடிவந்து, "அக்கா எப்படி இருக்காங்க? மெட்ராஸ் கூட்டினு போனியா?" என்றாள்.

"நல்லா இருக்காங்க" என்றான் ஜெரால்டு.

அவள் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! அன்னிக்கு உன்ன என்னென்னமோ நெனச்சிட்டேன். மனசுல வச்சுக்காத" என்றாள்.

அவனுக்கு வார்டில் கிடைத்தது ஒரு தறிக்காரரின் மனைவி. ஸ்டெத்தை வைத்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தச் சத்தம் அவனுக்குத் தன் வீட்டுக் கதவுச் சத்தம்போலப் பழகியிருந்தது. வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது, நுரையீரலில் எதுவரை நீர் நிற்கிறது, இனி என்ன ஆகலாம், உடனே என்ன செய்ய வேண்டும் என்று தடங்கலில்லாமல் சொன்னான். போன வருஷம் சிரித்த பெரிய டாக்டர் இந்தமுறை சிரிக்கவில்லை.

"ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?" என்று கேட்டார்.

"கூடாது சார். ஒரு நாள்கூட" என்றான் ஜெரால்டு.

இடம் கிடைத்தது. அர்ஷியாவுக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு வால்வு நோயாளிதான். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிபடவில்லை. இரண்டு ஞாயிறு கூடுதலாகக் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

எம்.டி. சேருவதற்கு முன்பு, ஜெரால்டு மரக்காணத்தில் இருந்த நாட்களில், கலியபெருமாள் சொல்லியனுப்பினார். அடுத்த செட் பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். அக்காவை அலைக்கழிக்க வேண்டாம், இவர்களே வருவார்கள். பக்கவாதத்தோடு சேர்ந்த வால்வு நோய் முழு கேஸாகப் படிக்கக் கிடைப்பது அபூர்வம். இடம் வாங்கியவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் பையன்களுக்கும் தெம்பாக இருக்கும்.

அவன் வரச் சொன்னான்.

டாக்டர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்றதும் ஆனந்தம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள். மகளுக்குத் தலை வாரி, அந்தப் பூப்போட்ட புடவையைச் சுற்றிவிட்டாள். "உன்னப் பாக்க எத்தனி டாக்டருங்க வர்றாங்க பாரு மேரி. எழுந்து நடந்துடுவ" என்று காதில் சொன்னாள்.

நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மேல்துணியை விலக்கி முதல் பையன் கேட்டான். இரண்டாவது பையன் கேட்டான். மூன்றாமவன் குனிந்தபோது சகாயமேரியின் இடது கை புடவையை இழுத்துக் கழுத்துவரை மூடியது. மூடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் பையனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

பையன் தயங்கினான். "சார், அவங்களுக்கு இஷ்டமில்ல போல..."

"நோயாளிங்க அப்படித்தான் பண்ணுவாங்க" என்றான் ஜெரால்டு. "கைய எடுத்துட்டுக் கேக்கணும்."

அவள் விரல்கள் கெட்டியாக இருந்தன. உப்புக் கூடை தூக்கிய கை. அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைக் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ம், இப்ப வை" என்றான்.

ஆனந்தம்மாள் டீயோடு வாசலில் நின்று, "சரியாயிடும்ல சார்?" என்றாள்.

"ஆயிடும்மா" என்றான் மூன்றாவது பையன், காதில் ஸ்டெத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு.