ஒரே அளவு மூச்சு

…சும்மா மூச்சு விடுங்கம்மா என்றானே அந்தக் கதிர்வீச்சு மெஷின்காரன், சும்மா விடாமல் இவள் என்ன சாமியாடிக்கொண்டா விடுகிறாள், ஐம்பத்து மூன்று வருஷமாக விட்ட மூச்சை இவன் வந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா… மந்தாரக்குப்பத்தில், மைன்ஸ் பஸ் போகிற ரோட்டோர வாடகை வீட்டில், பாயில் மல்லாந்து கிடந்த கலியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடது நுரையீரலில் இருக்கிற புற்றுக்கட்டி மூச்சோடு ஏறுமாம், இறங்குமாம். மார்பின் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு கேமரா, மூச்சு சரியான உயரத்துக்கு வந்தால்தான் கதிர் பாயுமாம், தப்பினால் நின்றுவிடுமாம். நேற்று பாண்டி ஆஸ்பத்திரியில் நாற்பது நிமிஷம் படுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் கர்ரென்று சுற்றியதும் இவளுக்கு மூச்சு தானாக நின்றது… நிற்காதா பின்னே, காடாம்புலியூர் கொட்டகையில் முந்திரிக்கொட்டை வறுக்கிற டிரம்மும் அப்படித்தானே சுற்றும், வறுத்ததைக் கொட்டும்போது அந்தப் புகையை இழுத்தால் தொண்டை வெந்துபோகும், முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்தே இருபத்திரண்டு வருஷம் பிழைத்தாயிற்று, ஒரே நாளில் துடைத்துவிட உடம்பென்ன சிலேட்டா. திங்கட்கிழமையும் இப்படியே ஆனால் அகலமாகத்தான் கதிர் வைக்க வேண்டும், நல்ல நுரையீரலும் சேர்ந்து கருகும், அதற்குள் வீட்டில் சமமாக மூச்சு விட்டுப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இஸ்த்துக்கோ… வுடு… ஒன்னு. கோவத்த வச்சிக்கினு வுட்டா எப்பிடிம்மா சமமா வரும்?" பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள் மகள் எழில்மதி. வந்துவிட்டாள் புத்தி சொல்ல, மூன்று மாதமாகக் கொட்டகையில் அம்மா இடத்தில் நிற்கிற திமிர்… திமிரா, வேறு எவளாவது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள் என்று அனுப்பியதே இவள்தானே, நர்ஸ் படிப்புக்கு மனு வாங்கி வந்தவளை, நான் எழுந்து வரும்வரைக்கும்தான்டி என்று. சரி, எண்ணு. ஏழு, எட்டு… மூச்சு ஒரே சீராக வந்தது, அட, வருகிறதே, ஒன்பது, பத்து… பக்கத்து வீட்டில் கிரைண்டரைப் போட்டார்கள். கர்ரென்றது. இவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. சனியன், என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள். எழில்மதி முகத்தைத் தோள் பக்கம் திருப்பியிருந்தாள், உதடுகள் இறுகியிருந்தன, மார்பு அசையவில்லை.

"ஏன்டி எண்ணுறத நிறுத்திட்ட?"

"நான் எங்கம்மா நிறுத்தனேன்… பதினொன்னு."

மூன்றே மாதம், பாவி, நானே அனுப்பினேனே… எனக்கு இந்தப் பழக்கம் படிய எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள் கலியம்மாள், ஞாபகம் வரவில்லை.