பம்பு வீட்டின் சிவப்புச் சுவிட்ச்

ஹேமநாதன் மூன்று தடவை போன் செய்த பிறகுதான் ஜெனரேட்டர் மெக்கானிக் புவனேஸ்வரன் பகாவ் டவுனிலிருந்து கிளம்பி வந்தார். வந்தவர் பம்பு வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சுவரில் இடுப்பு உயரத்திலிருந்து கூரை வரை பச்சையும் துருவுமாகக் கறை தெறித்திருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் ஜெனரேட்டரின் ரேடியேட்டர் குழாய் வெடித்துக் கொதிநீர் சீறியபோது, பம்பு ஓட்டும் முருகையா அங்கே நின்றிருந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

"சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேண்ணே. ஒருத்தனும் உள்ள வரமாட்டேங்குறான்," என்றான் ஹேமநாதன். அவன் தோட்டத்து ஆபீஸில் கிராணி, எழுத்து வேலை பார்ப்பவன். "பேய் ஓட்ட போமோவ கூப்பிடணுமாம். போமோவுக்கு டீசல் எஞ்சின் தெரியாதுலா, நம்ம புவனா அண்ணன கூப்பிடுவோம்னேன்."

புவனேஸ்வரன் சிரிக்கவில்லை.

ராணுவம் கழித்துப்போட்ட ஜெனரேட்டர் அது. தோட்டம் அதை லேலோங் ஏலத்தில் எடுத்திருந்தது. பச்சைப் பெயிண்டுக்கு மேல் மஞ்சள் எண்கள் இன்னும் அழியவில்லை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு இதை நம்பித்தான் ஓடியது. விபத்துக்குப் பிறகு குழாயை மாற்றி, போன மாதம் இரண்டு பேர் ஓட்டிப் பார்த்தார்கள். வேலை முடிந்து சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை. டாங்கியில் டீசல் தீரும்வரை ஓடியது. முருகையா நிற்க விடமாட்டேன் என்கிறார் என்று லயத்தில் பேச்சு. அன்றிலிருந்து தண்ணீர் லாரியில் வருகிறது.

"இன்னொண்ணுண்ணே." ஹேமநாதன் பைலைத் திறந்தான். "ஆக்சிடெண்ட் ரிப்போர்ட்ல மெக்கானிக் கையெழுத்து வேணுமாம். முருகையா அந்தச் சிவப்பு சுவிட்ச மேல போட்டுட்டாரு, அதனாலதான் வெடிச்சிச்சுன்னு எழுதியாச்சு. சூடு ஏறியும் எஞ்சின் நிக்கலல்ல?"

வாசலுக்கு வெளியே கவிழ்த்துப்போட்ட டிரம்மில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். முருகையாவின் மனைவி செல்லம்.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. முப்பது வருசம் பம்பு ஓட்டுனாரு. கேக்காம ஒரு போல்ட்டத் தொட்டதில்ல. அதை மட்டும் ஏன் தொட்டாரு? குடிச்சிட்டு நோண்டுனாருன்னு சொல்றாங்க. என் மக புனிதாவும் நம்பிட்டா. அப்பா படத்துக்கு ஒரு பூ வைக்க மாட்டேங்குறா."

"பாக்குறேங்கா," என்றார் அவர். அவளைப் பார்க்காமல் உள்ளே போனார்.

சுவிட்ச் இப்போது கீழே இருந்தது. அது கீழே இருக்கும்வரை, சூடு ஏறினாலோ ஆயில் குறைந்தாலோ எஞ்சின் தானாக நின்றுவிடும். போர்க்களத்தில் அப்படி நிற்கக் கூடாது; எஞ்சின் எரிந்து போனாலும் மின்சாரம் வேண்டும். அந்தக் காவலை மொத்தமாக வெட்டிவிடத்தான் அந்தச் சுவிட்சை மேலே போடுவது. அதற்கு மேல் ஒரு மூடி உண்டு. மூடியை மூடினாலே சுவிட்ச் கீழே இறங்கிவிடும். இந்த மிஷினில் மூடி முன்பே உடைந்து போயிருந்தது.

விபத்துக்கு மூன்று வாரம் முன்புதான் புவனேஸ்வரன் இங்கே வந்திருந்தார். அப்போது கோளாறு வேறு: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எஞ்சின் தானாக நின்றது. எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று பார்க்க அவர் காவலை வெட்டித்தான் ஓட்டினார். அப்படிச் செய்யும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சுவிட்சில் மாட்டிவிடுவது அவர் பழக்கம். கடிகாரத்தை எடுக்கும்போது சுவிட்சையும் இறக்கிவிடுவார். இருபது வருடத்தில் தவறியதில்லை. அன்று ஆயில் சென்சாரின் ஒயர் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது ரெம்பாவ் கோழிப் பண்ணையிலிருந்து போன் வந்தது. காற்றாடிகள் நின்றுவிட்டன, கோழிகள் சாகின்றன என்று அலறினார்கள். அவர் ஓடினார்.

அந்த வாரம் கடிகாரம் காணாமல் போயிற்று. பகாவ் பாசாரில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். வேறு கடிகாரம் வாங்கவில்லை.

"ஹேமா, ஒரு பலகை கொண்டா. கையால நிறுத்தியும் எஞ்சின் நிக்கலன்னா, காத்து உள்ள போற வாய அதால அடைக்கணும்."

பாட்டரி இணைப்புகளைத் துடைத்து, தண்ணீரும் ஆயிலும் பார்த்து, சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். நிற்கவில்லை. ஹேமநாதன் பலகையோடு வாசலுக்குப் பின்வாங்கினான்.

புவனேஸ்வரன் டெஸ்ட் லைட்டை ஒயரில் வைத்தார். எரியவில்லை. மின்சாரம் போய்விட்டது, ஆனால் டீசலை அடைக்க வேண்டிய நெம்புகோல் அசையவே இல்லை. அதை விரலால் தள்ளினார். எஞ்சின் ஒரு பெருமூச்சோடு நின்றது.

நெம்புகோலை இழுத்துப் பிடிக்கும் சோலனாய்டைக் கழற்றினார். உள்ளே கம்பி துருவேறி இறுகியிருந்தது. அன்று சீறிய கொதிநீர் இதற்குள்ளும் இறங்கிக் காய்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் விட்டு, பத்துத் தடவை இழுத்து விட்டுப் பார்த்து மாட்டினார். மறுபடி ஓட்டினார். அணைத்ததும் நின்றது. மூன்று தடவை அப்படியே நின்றது.

கடைசித் தடவை நின்றபோது சூடு ஆறி இரும்பு சுருங்கும் சத்தம் மட்டும் டிக், டிக் என்று கேட்டது. சுவரில் அந்த வெள்ளை இடம் அவர் தோளுக்கு நேராக இருந்தது. அவர் சற்று நகர்ந்து நின்றார்.

"நின்னுருச்சா?" செல்லம் உள்ளே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இது ஒங்களோடதுதான தம்பி? அன்னிக்கு நீங்க போன பொறகு எடுத்து வச்சாராம். அடுத்த தடவ வந்தா கையில குடுக்கணும்னாரு. நடந்த கலவரத்துல நான் மறந்துட்டேன்."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க இருந்துச்சுன்னாரு?"

"அந்தச் செவப்பு சுவிட்சுல தொங்குச்சாம். சுவிட்சுல கை படாம பாத்துப் பாத்துக் கழட்டுனேன்னு சொன்னாரு. அவ்ளோ பயம் அவருக்கு. அப்புறம் எப்படித்தான் தொட்டாரோ."

ஹேமநாதன் பேனாவை நீட்டினான். "சைன் போடுங்கண்ணே, மேனேஜர் சாப்பாட்டுக்குப் போறதுக்குள்ள குடுத்துறேன்."

புவனேஸ்வரன் பைலை வாங்கி ஜெனரேட்டர் மேல் வைத்தார். மலாயில் அச்சடித்த தாளில் முருகையாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே தன் பெயரை எழுதினார். பக்கத்தில், விபத்துக்கு முன் தான் வந்துபோன தேதி. கீழே கையெழுத்து.

ஹேமநாதன் எட்டிப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "அண்ணே, பைத்தியமா ஒங்களுக்கு? இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துலயும் கூப்பிட மாட்டானுங்க. போலீசு வரும்லா. வேற தாள் எடுத்துட்டு வரேன், யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்டா. நாலு மாசமா தெரியும்."

"என்ன எழுதுனீங்க?" என்றாள் செல்லம். அவளுக்கு மலாய் படிக்கத் தெரியாது.

அவர் கடிகாரத்தைச் சிவப்புச் சுவிட்சில் மாட்டினார். "அந்தச் சுவிட்ச மேல போட்டது நாந்தாங்கா. டெஸ்ட் பண்ணப் போட்டேன். எறக்க மறந்துட்டு ஓடிட்டேன். அது அப்படியே கெடந்திருக்கு. அன்னிக்கு எஞ்சின் நிக்காததுக்கு நாந்தான் காரணம்."

செல்லம் சுவிட்சையே பார்த்தாள். அழவில்லை.

"அப்ப அவரு தொடல."

"தொடல."

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி போவது மூவருக்கும் கேட்டது. "புனிதா வேலையில இருப்பா. கோவப்படுவா. பரவால்ல." போனை அவரிடம் நீட்டினாள். "இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த கொறையக்கூடாது."

போன் அவர் கைக்கு வந்தபோது அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "அம்மா, என்னம்மா? வேலையில இருக்கேன்."

புவனேஸ்வரன் சுவரின் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்து நின்றார்.

"நான் ஒங்க அம்மா இல்லம்மா," என்றார். "பகாவ்ல ஜெனரேட்டர் ரிப்பேர் செய்யிறவன். ஒங்க அப்பாவ பத்தி ஒண்ணு சொல்லணும். போன வைக்காதம்மா."