நாலு கிலோ இரும்புத் தகடு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அப்பா கேட்டார். "வீட்டுச் சாமான்களுக்கு டிசைன் பண்றேனுங்க" என்றார் கிருபாசங்கர். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "டீ வடிகட்டி, குக்கர் கைப்பிடி, டப்பா மூடி..." என்று அவர் விளக்க ஆரம்பித்ததும் அப்பா அவசரமாகப் பெரியப்பா பக்கம் திரும்பி, "இன்சினியருங்க" என்றார். அதற்கப்புறம் இருபத்திநாலு வருடம் எங்கள் சொந்தத்தில் அவர் இன்சினியர்தான். யார் வீட்டில் மோட்டார் ஓடாவிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மருதாசலம் ஐயாவின் கம்பெனியில் வேலை. கிரைண்டரும் மிக்சியும் செய்கிற கம்பெனி. வருடா வருடம் மிக்சியில் ஒட்டுகிற பூவை மாற்றுவதற்குத்தான் டிசைனர் என்று ஒருவர் இருக்கிறார் என்பது ஐயாவின் எண்ணம். ஒரு வருடம் ரோஜா, மறு வருடம் தாமரை. இவர் பூவே வேண்டாம் என்று சொன்ன வருடம் இரண்டு பூவும் சேர்ந்து வந்தது.

பிறகு எனக்கு வலது தோள் இறுகிக்கொண்டது. கல்யாணச் சீராக வந்த கிரைண்டரை அலமாரியிலிருந்து மேடைக்குத் தூக்க முடியவில்லை. இவர் அதைப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்து ஏழே கிலோவில் ஒரு கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தார். இடது கையாலேயே தூக்கினேன். இன்னொரு தடவை தூக்கு, இன்னொரு தடவை என்று நாலு தடவை தூக்கச் சொன்னார்.

"ஏனுங்க, மாவு ஆட்டட்டுங்களா, சர்க்கஸ் காட்டட்டுங்களா?" என்று கேட்டேன்.

அது கடைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தது. மருதாசலம் ஐயா ஒன்றைக் கையில் தூக்கி ஆட்டிக் காட்டினாராம். "ஏனுங்க கிருபா, இது மிசினுங்களா, முட்டைப் பொட்டிங்களா?" அவர் யாரையும் மரியாதை இல்லாமல் திட்டியதே கிடையாது.

தாராபுரத்தில் ஒரே முகூர்த்த நாளில் எங்களுக்கு மூன்று கல்யாணம் வந்தது. மூன்றிலும் இவர் பந்திக்குப் போகாமல், மண்டபத்தில் சீர்வரிசை அடுக்கியிருந்த இடத்தில் சின்ன நோட்டோடு நின்றுகொண்டார். கிரைண்டரைத் தூக்கிப் பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பதும் ஆண்கள். அதில் ஒருவர்கூட மாவு ஆட்டியதில்லை என்று நானே சத்தியம் செய்வேன். பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு தாய்மாமன் மட்டும் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி, "தூக்கறப்போ தம் கட்டோணுமுங்க. அதுதான் சீரு" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "நான் சமையல்கட்டுக்குச் செஞ்சேன் புவனா. வாங்கறவங்க மண்டபத்துக்கு வாங்கறாங்க" என்றார்.

அடுத்த மாதமே அதே கிரைண்டரின் அடியில் நாலு கிலோ இரும்புத் தகடு ஒன்றை வைத்தார். அதனால் மாவுக்கு ஒரு பயனும் இல்லை. கிரைண்டர் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஐயா மேடையேற்றிச் சால்வை போர்த்தி, பரிசாக ஒரு கிரைண்டர் கொடுத்தார். நான் தகடு இல்லாத முதல் சாம்பிளையே வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து இவரை "இரும்பு வியாபாரி" என்று கூப்பிட ஆரம்பித்தேன். விளையாட்டுக்குத்தான். ஆனால் முழுக்க விளையாட்டு என்றும் சொல்ல முடியாது. இவர் சிரித்துக்கொள்வார்.

போன ஆவணியில், வேலை மேசையிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் சென்னகிருஷ்ணன் என்று ஒருவர். வீடு வீடாகப் போய் கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். மற்றவர்கள் எழுந்து போன பிறகு மெல்லக் கேட்டார்.

"அக்கா, அந்தத் தகட்டுச் சங்கதி உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"என்ன சங்கதிங்க?"

"அடியில ரப்பர் புஷ்ஷை எடுத்தா நாலு ஸ்க்ரூங்க. அஞ்சு ரூபாக் காசை வெச்சே கழட்டிரலாம். சார்தான் அப்படி வெச்சாரு. எந்த ஊட்டுக்குப் போனாலும் அம்மணிகளுக்குத் தோள் வலி இருக்குதான்னு கேளு, இருந்தாக் கழட்டிக் குடுத்துருன்னாரு. ஆம்பளைங்க இல்லாத நேரமாப் பாத்து. எப்படியும் முந்நூறு ஊட்டுல கழட்டியிருப்பேனுங்க."

"கழட்டின தகட்டை என்ன பண்றாங்க?"

"வாசல் கேட்டுக்கு முட்டுக் குடுக்கறாங்க. வால்பாறையில ஒரு அம்மா கூரைத் தகரம் பறக்காம இருக்க மேல வெச்சிருக்குதுங்க. மாசாணியம்மாள்னு ஒருத்தரு பெயின்டைச் சுரண்டிப்போட்டு தோசை ஊத்தறாங்க. கிரைண்டரை விட இதுதான் நல்ல சாமானாம்."

அன்றுதான், இவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்கும்போது வேறாகிவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பேன். மூன்றே நாளில் ஐயா காதுக்குப் போயிருக்கும். இருபத்திநாலு வருடத்தில் என்னை நன்றாகத்தான் அளந்து வைத்திருந்தார்.

எழுந்து போகும்போது சென்னகிருஷ்ணன் சொன்னார். "புது மாடல்ல தகட்டை வெல்டிங் வெச்சு அடைக்கப் போறாங்களாமுங்க. இனி யாரும் கழட்ட முடியாதுங்க அக்கா."

காரியம் முடிந்த மறுநாள் மருதாசலம் ஐயாவே வந்தார். பின்னால் டிரைவர் தம் கட்டிக்கொண்டு ஒரு கிரைண்டரைத் தூக்கி வந்தார். அதில் இவருடைய படம், சுற்றிலும் தாமரை.

"அம்மணி, அவரு நெனப்பா ஒரு மாடல் விடறோமுங்க. 'கிருபா ஹெவி'. தகடு ஆறு கிலோ. இது சாம்பிளுங்க. இனிமே வாரதுல வெல்டிங் வெச்சுப்போடுவோம், அவரு பேரு மாதிரி அசையாம நிக்கும். நீங்க சம்மதிச்சு இந்தக் காகிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"பேரு தாராளமா வெச்சுக்கோங்க" என்றேன். "ஆனா அடியில அந்த நாலு ஸ்க்ரூவும் அவரு வெச்சபடியே இருக்கோணுமுங்க."

"அது எதுக்குங்க அம்மணி?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். தோள் வலி என்றால் ஐயாவுக்குப் புரியாது.

"சாங்கியமுங்க" என்றேன். "போனவங்க கைப்பட வெச்சதை மாத்தினா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. செய்யறவங்க தொழிலுக்கும் ஆகாதாமுங்க."

எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. ஐயா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரைண்டரை ஒரு தடவை கும்பிட்டார். "நல்ல வேளை சொன்னீங்க" என்றவர், பேனாவை எடுத்து அந்தக் காகிதத்தில் தாமே எழுதினார்: நாலு ஸ்க்ரூவும் எக்காலத்திலும் மாற்றப்படாது. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

"சமையல்கட்டுல கொண்டுபோய் வெக்கட்டுங்களா?" என்று டிரைவர் கேட்டார். "நல்ல வெயிட்டுங்க!"

"இங்கயே இருக்கட்டுமுங்க" என்றேன். கார் தெரு முனை திரும்பியதும் ரப்பர் புஷ்களைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, பர்ஸில் அஞ்சு ரூபாய்க் காசு இருக்கிறதா என்று தேடினேன்.