நான்கு நொடி நின்ற பேருந்து

ஒரு சினிமாவின் முடிவால் அந்த வீட்டு மூத்த மகளின் கல்யாணம் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது.

முடிவு இதுதான். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, பெரிய பெட்டியோடு தன் வீட்டு வாசலை ஒட்டிய நிறுத்தத்தில் நிற்கிறாள். பேருந்து வந்து அவளை மறைக்கிறது. அது கிளம்பியதும் அங்கே யாரும் இல்லை. படம் முடிந்துவிடுகிறது. ஏறிவிட்டாள் என்றாள் மூத்தவள். வீட்டுக்குள் திரும்பிவிட்டாள் என்றான் அவளுக்கு நிச்சயித்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்.

மூத்தவளுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கூட வருகிறேன் என்றும் சொல்லாமல், போகாதே என்றும் சொல்லாமல் அவன் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். அதனால் அந்தப் பதில் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. படத்துப் பெண்ணையே ஏறவிடாதவன் என்னை எங்கே விடப்போகிறான் என்று, கல்யாணமே வேண்டாமென்றுவிட்டாள்.

வேறு வீடாயிருந்தால் சமாதானம் பேசியிருப்பார்கள். இது பேருந்துக் குடும்பம். அப்பா டிப்போவில் நேரக் காப்பாளர், அம்மா ஓய்வுபெற்ற கண்டக்டர், அண்ணன் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையை வரவழைத்து, கடைசிக் காட்சியைப் பதினோரு முறை ஓட்டிப் பார்த்தார்கள். நடிப்பு, இசை எதுவும் அவர்கள் மனதில் ஒட்டவில்லை. முன் டயரில் காற்று குறைவு என்று அண்ணன் வருத்தப்பட்டான். வண்டி நின்றது நான்கே நொடி என்று அப்பா ஸ்டாப்வாட்சைக் காட்டினார். அந்தப் பெட்டியோடு நான்கு நொடியில் ஏற முடியுமா? இனி அதுதான் கேள்வி.

சோபாக்களை வரிசையாகப் போட்டுப் பேருந்து கட்டினார்கள். முக்காலி படிக்கட்டாயிற்று. எடைக்காகப் பெட்டியில் பழைய கால அட்டவணைகளை அடைத்தார்கள். எதிர்க்கட்சியும் கிட்டே இருந்து பார்க்கட்டும் என்று மாப்பிள்ளையை வாசலோர இருக்கையில் பயணியாக உட்காரவைத்தார் அப்பா. அம்மா தோள்பையை மாட்டிக்கொண்டு, காலை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி அவனை அதட்டினாள். அண்ணன் ஸ்டீயரிங்குக்குப் பதிலாகச் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா விசில் ஊதினார். மூத்தவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். பெட்டி முக்காலியில் மாட்டிக்கொண்டது. இரண்டு, மூன்று என்று அப்பா எண்ணினார். உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் இழுத்தாள். பெட்டி அசைவதாக இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

கடைக்காரன் சட்டென்று எழுந்து, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான்.

நான்கு.

"வெளியாள் உதவி செல்லாது," என்றார் அப்பா.

"வெளியாள் இல்லப்பா. பஸ்ஸுக்குள்ளதானே இருக்காரு," என்றாள் மூத்தவள்.

அண்ணன் தட்டால் தலையில் அடித்துக்கொண்டான். "ஜெயிக்கிற நேரத்துல பெட்டியத் தூக்குறியே, மாப்ளே."

"அவளால முடியல மச்சான்," என்றான் அவன், தோற்றதே தெரியாதவனாக.

அம்மா வேலையில் கறார். "நீங்க எங்க போகணும்?" என்று அவனிடம் கையை நீட்டினாள்.

அவன் மூத்தவளைப் பார்த்தான். "இவ இறங்குற எடத்துக்கே டிக்கெட் குடுங்கத்த. அங்கயும் கண்ணு மங்குனவங்க இருப்பாங்க."

மூத்தவள் அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி தாமதமாகிறது என்று அப்பா மறுபடியும் விசில் ஊதினார்.